கை வெளுத்து வந்த சாட்சி

இந்த முறை நான் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தில் கழிப்பறைச் சுவரை ஒட்டிப் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி வைத்திருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல்தான் அந்தச் சுவருக்கு யோகம். வரிசை அந்தப் பக்கமாக வளைந்து போனதால் வெகு நேரம் அந்த நெடியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. முன்னால் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்தான் கரித்தது. உள்ளே போய் இடது கையை நீட்டினேன். மை வைக்கும் பெண் விரலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்தாள். வெளியே வந்ததும் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, நீங்க போட்ட ஆளு தோத்துருவாரா?" என்று கேட்டாள். பவுடர் நெடி என்றேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதியை உங்களிடம் சொல்கிறேன். வீட்டுக்காரி இதைப் பல தடவை கேட்டுவிட்டாள்.

நான் சேலத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருந்தேன். அம்மாவுக்கு என்னைச் சாமியார் ஆக்கிப் பார்க்க ஆசை. பங்குத் தந்தையிடம் சொல்லியும் வைத்திருந்தார். நான் குருமடத்துக்குப் போகாமல் தட்டச்சு வகுப்புக்குப் போனேன். ஜெபமாலை உருட்ட வேண்டிய விரல் இப்படி டக்டக்கென்று அடிக்கிறதே என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டார். வக்கீல் நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் பேனாவைக் கடிப்பார். அலுவலகத்தில் கடிபடாத பேனா என்று ஒன்று கிடையாது. தட்டச்சு தவிர எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய், சாப்பாடு வாங்கிக் கொடுத்து, கூண்டு ஏறும்வரை காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேச்சேரிச் சந்தைக்கு ஆடு ஓட்டுகிறவன் நீ என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆடு எவ்வளவோ மேல். அது டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படத்துக்குப் போகாது.

அந்த வருஷம் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் பக்கத்துத் தொகுதியில் இரண்டு பணக்காரர்கள் மோதினார்கள். ஒருவர் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர், இன்னொருவர் நூல் மில் முதலாளி. ஜனங்கள் கட்சிப் பெயரை விட்டுவிட்டு ரிக்காரர், மில்காரர் என்றுதான் சொன்னார்கள். வாக்குச் சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போடும் காலம் அது. எண்ணி முடித்தபோது ரிக்காரர் ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு என்றால், ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாது. மில்காரர் மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினார்கள், அப்போதும் அதேதான். அன்றைக்கு எருமப்பட்டி ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள், நாமக்கல் கடைவீதியில் கதவடைப்பு நடந்தது, ஒரு டிரைவரின் மண்டை உடைந்தது. அந்த டிரைவர் இரண்டு பேருக்குமே ஓட்டுப் போடாதவர் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் மில்காரர் மெட்ராஸ் ஐகோர்ட்டில் தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டார். இந்தப் பக்கத்துச் சாட்சிகளைத் திரட்டிக் கொடுக்கும் வேலை எங்கள் வக்கீலுக்கு வந்தது.

வழக்கின் உயிர்நாடி குமாரபாளையத்தில் ஒரே ஒரு ஓட்டுச் சாவடி. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஊர்க் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காவேரிப் பாலத்தில் பவானியிலிருந்து இறங்கினால் அப்போதெல்லாம் தறிச் சத்தம் காதில் விழும் முன்பே சாய நாற்றம் மூக்கில் ஏறிவிடும். சாயப்பட்டறைத் தெருவில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று சாக்கடையைப் பார்த்தே சொல்லலாம். பட்டறைக்காரர்கள் கொதிக்கும் தொட்டியில் நூல் கத்தையை, அதைச் சிட்டம் என்பார்கள், விட்டுக் கையாலேயே திருப்புவார்கள். முழங்கைவரை நீலமும் கறுப்பும் ஊறிப்போயிருக்கும். நகம் மொத்தமும் மை நிறம். ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாக விரலில் வைக்கும் மை அந்தக் கையில் எங்கே தெரியும்? அதனால் அந்தத் தெருவுக்கு எப்போதும் உள்ளூர் வாத்தியார்களே அதிகாரிகளாக வருவார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவர் முகமும் தெரியும். கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். யாரும் ஆட்சேபித்ததில்லை.

அந்தத் தேர்தலில் உள்ளூர்க்காரர்கள் விலை போய்விட்டார்கள் என்று இரண்டு தரப்பும் புகார் கொடுத்திருந்தது. ஆகவே அதிகாரிகளை ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அனுப்பினார்கள். ரிக்காரரின் ஏஜெண்டும் வெளியூர் ஆள். காலையில் பட்டறையில் ராத்திரி வேலை முடித்துக் கையைக்கூடக் கழுவாமல் முதல் ஆளாக வந்து நின்றவர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டுச் சாமி பெயர். அந்தத் தெருவிலேயே கறுப்புச் சாயத்துக்குப் பேர் போன கை அவருடையது. அவர் விரலைப் பார்த்ததும் ஏஜெண்ட் எழுந்துவிட்டான். வேறு பெயரில் பக்கத்துச் சாவடியில் போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறான், நகத்தில் மை இருக்கிறது பாருங்கள் என்று கத்தினான். அதிகாரி ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அர்த்தனாரிக்கு அதில் வேடிக்கைதான் தோன்றியிருக்கிறது. "பத்து வெரல்லயும் இருக்குதுங்களே. அப்ப பத்து ஓட்டுப் போட்டனுங்களா?" என்று கேட்டார். வரிசை சிரித்தது. ஏஜெண்டுக்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. போலீஸ் வேன் வந்தது.

சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்த பிறகு அவரை விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. ஆனால் அவரை வேனில் ஏற்றியதைப் பார்த்த பட்டறை ஆட்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டு, ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தெரு மில்காரரின் தெரு. அவர்கள் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதுதான் வழக்கு. இதில் அர்த்தனாரிக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். ரெண்டோட்டு அர்த்தனாரி. அன்றைக்கு ஓர் ஓட்டுக்கூடப் போடாத மனிதருக்கு அந்தப் பெயர். டீக்கடையில், பட்டறையில், ரேஷன் வரிசையில் அதே பெயர்தான். வேடிக்கைக்குக் கூப்பிட்டவர்கள் பாதி, நிஜமாகவே நம்பியவர்கள் பாதி. பெண் எடுக்க வந்த சம்பந்தி வீட்டார்கூட, அந்த ஓட்டு விஷயம் என்னங்க என்று விசாரித்திருக்கிறார்கள்.

நாங்கள் வாக்குமூலம் வாங்கப் போனபோது மில்காரர் ஜெயிப்பாரா என்று அவர் கேட்கவே இல்லை. வக்கீல் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு ஓட்டுப் போட்டவன்னு ஒருத்தனும் சொல்லக் கூடாதுங்க சாமி. அதுக்குத்தான் வாரேன்" என்றார். எங்கள் பக்கத்தில் பெரியவர், சின்னவர் எல்லோரும் சாமிதான். அம்மாவின் ஆசை குமாரபாளையத்திலாவது நிறைவேறியதே என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது வக்கீல் எல்லாச் சாட்சிகளுக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னார். ஐகோர்ட்டுக்கு வருகிறீர்கள், குளித்து வெள்ளை வேட்டி கட்டிச் சுத்தபத்தமாக வர வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐகோர்ட்டு வழக்கு ஆமை வேகம் என்பார்கள். ஆமையைக் கேட்டால் மானநஷ்ட வழக்குப் போடும். சாட்சி விசாரணை வருவதற்குள் ரிக்காரர் பாதிப் பதவிக்காலத்தை டெல்லியில் கழித்துவிட்டார். ஒருவழியாக நாள் வந்து, காலை ரயிலில் அர்த்தனாரியைக் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். சலவை வேட்டி, சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. இரண்டு கையையும் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். குளிருகிறதா என்று கேட்டேன். இல்லீங்க என்றார். ஜோலார்பேட்டையில் இட்லி வாங்கினேன். பசியில்லை என்றுவிட்டார். கறுத்த கையை ரயிலில் நாலு பேர் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று நானே முடிவு கட்டி, நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நாகரிகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. துண்டிலிருந்து லேசாக ஒரு நெடி வந்தது. சலவை நெடி என்று நினைத்தேன்.

மெட்ராஸ் சீனியர் வக்கீல் ஒரே ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். பேச்செல்லாம் வேண்டாம், அந்தக் கையை நீதிபதி பார்த்தால் போதும். கூண்டில் ஏற்றிப் பெயர், ஊர், தொழில் கேட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "கையை ஐயா பாக்கற மாதிரி காட்டுங்க" என்றார்.

அர்த்தனாரி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. வெந்த கோழித்தோல் போல வெளுத்து, விரலிடுக்கெல்லாம் உரிந்து சிவந்திருந்தது. நகம் தேய்ந்து முட்டை ஓட்டு நிறத்தில் இருந்தது. சாயம் என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. அவர் முகத்தில் பெருமை இருந்தது. கல்யாண வீட்டில் மொய்த் தட்டை நீட்டுகிறவர் மாதிரி நின்றார். எங்கள் சீனியர் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமே படாமல் எழுந்தார்.

"இதுதான் மை வச்சாத் தெரியாத கறுப்புக் கையா?"

"வெளுத்துக்கிட்டு வந்தேனுங்க. கோர்ட்டுக்கு வாரமேன்னு."

"சரி. சாயம் வெளுக்கும்னா ஓட்டு மையும் வெளுக்கும்தானே?"

"அது போவாதுங்க."

"போகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளுத்துப் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அர்த்தனாரி யோசித்தார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அந்த நினைப்பு இருந்தது என்று நினைக்கிறேன். "பாத்திருக்கோமுங்க. கையில எது ஒட்டுனாலும் வெளுத்துப் பாக்கறதுதானுங்களே எங்க பொழப்பு" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியை நோக்கித் தலையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

வெளியே மரத்தடியில் எங்கள் வக்கீல் பேனாவைக் கடித்துத் துப்பினார். கெடுத்தியே மனுஷா என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டுச் சீனியரைப் பார்க்கப் போய்விட்டார். டம்ளர் சூடு கையில் படாமல் அர்த்தனாரி துண்டால் பிடித்து டீ குடித்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சாயப்பட்டறைத் தெருவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கையை வெளுப்பார்கள். கறுத்த கையால் தாலி கட்டக் கூடாது என்று கூட்டாளிகள் பிடித்து உட்காரவைத்து, பிளீச்சிங் பவுடரிலும் சாயம் எடுக்கும் ஹைட்ரோஸ் பொடியிலும் கையை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். எரிச்சலில் மாப்பிள்ளை துள்ளுவதும் மற்றவர்கள் கேலி செய்வதும் கல்யாணத்தில் ஒரு சடங்கு மாதிரி. கை முழுக்க வெளுத்தது தன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாம் தடவை என்றார். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, வாரம் முழுக்க அவரும் வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். அத்தனை மரியாதை அவருக்கு அந்தக் கோர்ட்டின் மேல்.

பிறகு கேட்டார்: "நானு ஓட்டே போடலைன்னு அய்யா எழுதிக்கிட்டாருங்களா?"

தீர்ப்பில்தான் தெரியும் என்றேன். சரி, தீர்ப்பு வரட்டுங்க என்றார்.

தீர்ப்பு வரவில்லை. டெல்லியில் யாரோ யாருக்கோ ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். இல்லாத பதவிக்கு எதற்கு வழக்கு என்று கோர்ட்டு காகிதக் கட்டை மூடிவிட்டது. ரிக்காரருக்கு நஷ்டமில்லை. மில்காரர் அடுத்த தேர்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அடுத்த முறை இரண்டு பேரும் ஒரே கூட்டணி. ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பஸ் கொளுத்தியவர்களின் கேஸ் மட்டும் நாமக்கல்லில் நடந்துகொண்டே இருந்தது.

வக்கீல் சொல்லச் சொன்னார் என்று நான் குமாரபாளையம் போனேன். அர்த்தனாரி தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். கை பழையபடி கறுத்திருந்தது. உரிந்த இடத்தில் சாயம் ஆழமாக இறங்கித் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்றேன். யாருக்கு ஜெயம் என்று கேட்டார். யாருக்கும் இல்லை, தேர்தலே வேறு வருகிறதே, அதனால் மூடிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். சிட்டத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நான் போட்டனா போடலையா? அதை இனி யாருங்க சொல்லுவாங்க?"

தட்டச்சில் நான் அடித்துத் தள்ளிய காகிதங்களை அடுக்கினால் என் உயரம் வரும். இந்தக் கேள்விக்குப் பதிலாக அதில் ஒரு வரிகூட இல்லை. பட்டறை முதலாளி பார்க்கிறார் என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். நான் வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அடுத்த தேர்தலுக்கு அவர் மறுபடி கையை வெளுத்துக்கொண்டு போனாராம். அதை அவர் வீட்டுக்காரம்மா ஒரு தடவை சேலத்தில் என்னைப் பார்த்தபோது சொன்னார். மை வைத்த பிறகு அந்த விரலில் சாயம் படாமல் துணி சுற்றிக்கொண்டு தொட்டியருகே நின்றிருக்கிறார். வேலை முடிந்ததும் துணியை அவிழ்த்துவிட்டு, ஒரு மை, ஒரே மை என்று டீக்கடையில் எல்லோரும் பார்க்கும்படி விரலை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்காருவார். "யாரும் பாக்கலீங்க சாமி. அந்தப் பேரு சொல்லித்தான் டீ குடுக்கறாங்க" என்றார் அந்தம்மா. பிறகு வந்த எல்லாத் தேர்தலுக்கும் வெளுத்தார். கடைசியில் அந்தத் தோல் ஆறவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் குமாரபாளையம் போயிருந்தேன். சாயப்பட்டறைகள் இல்லை. ஆற்றைக் கெடுக்கிறது என்று இடித்துவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை, அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருந்தால் நீங்களும் வருத்தப்பட மாட்டீர்கள். தொட்டி இருந்த இடத்தில் மொபைல் கடை. அந்தக் கைகளும் இல்லை. டீக்கடையில் கிளாஸ் பிடித்த ஒவ்வொரு கையையும் பார்த்தேன், எல்லாம் சுத்தமான கை. என் வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சீனியரும் இல்லை, அந்த நீதிபதியும் இல்லை. அந்த வழக்கின் காகிதக் கட்டை எந்த அறையில் மட்க விட்டார்களோ.

தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தது. படத்தில் இருந்தது அர்த்தனாரி. முகம் மட்டும்தான் அவருடையது. கழுத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர்கள் எல்லோருக்கும் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைச் சட்டை போட்டுக் கும்பிடுகிற உடம்பு. யாருடைய கையோ, பளிச்சென்று ஒரு கறை இல்லாமல் கும்பிட்டது. கீழே பெரிய எழுத்தில், அன்புத் தாத்தா ரெண்டோட்டு அர்த்தனாரி.

கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த இளைஞனிடம், அந்தப் பெயரை ஏன் தம்பி போட்டீர்கள் என்று கேட்டேன். ஆட்டோ ஸ்டாண்டு ஆள், அவருக்குப் பேரன் முறை. துக்கத்தில் கண் வீங்கியிருந்தது.

"அது போட்டாத்தானுங்க ஆளு யாருன்னு தெரியும். தாத்தா அந்தக் காலத்துல பெரிய கெத்துங்க. ஒரே எலெக்சன்ல ரெண்டு ஓட்டுப் போட்டவரு."

அன்றைக்கு அவர் ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை தம்பி என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அப்பறம் ஏனுங்க அந்தப் பேரு வந்துது?"